அரிவாள்மனை என்று சொன்னோம்

அன்று மருத்துவர் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: முடி வெட்டும் கத்தரி. அது அன்று காலையில் பட்ட காயம் இல்லை, முந்தாநாள் மத்தியானம் பட்டது என்பதையும் நான் சொல்லவில்லை. கழுவாமலேயே அதைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாய் என்பதையும் சொல்லவில்லை. "எதுல வெட்டுச்சு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்வதற்கு முன் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் பக்கத்தில் நின்ற நர்ஸ் மீனாவைப் பார்த்தேன். பிறகு நீ, "அருவாமனை சார். வீட்டுல. காலைல வெங்காயம் நறுக்கும்போது" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அந்த அறைக்குள் உனக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

குமரா, நாளைக் காலை நீ கோயம்புத்தூருக்கு பஸ் ஏறப் போகிறாய். இந்தக் கையோடும் உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ள அங்கே ஒரு சலூன் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். இப்போதைக்குத் தலை அலசும் வேலை, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். நீ உள்ளே பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நேரில் வந்து பேச ஆரம்பித்தால் "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். நம் வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் விடப்பட்டிருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கப் போகிறவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் இதைப் படித்தால் நல்லது என்றும் நினைக்கிறேன். பக்கத்து வீட்டில்கூட எதையும் மனம்விட்டுப் பேசிப் பழகாதவள் நான். இப்படி எல்லோருக்கும் தெரிய எழுதுகிறாளே என்று உனக்கே வியப்பாக இருக்கும்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் இடைவெளி. பஸ்ஸில் சேர்ந்து போனால் அக்காவா என்று கேட்பார்கள். உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். கல்லூரிக்குப் போகாத குறையை நூலகத்தில் தீர்த்துக்கொண்டவள் நான். டைப் அடிக்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் வாசித்த புத்தகங்கள் என்னை வேறு ஆளாக்கிவிட்டன என்று நம்பியிருந்தேன். எந்த வேலையும் இழிவில்லை என்று எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, நூலகத்துப் புத்தகம் என்றும் பாராமல், பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு போடுவது சுலபம். அதே விஷயத்தை வாயால் சொல்ல வேண்டிய ஒரு நிமிஷம் வந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி முன்னால் நின்றாள். சொல் வரவில்லை.

நீ இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரடங்கில் சலூன்களெல்லாம் மூடிக் கிடந்தன. சின்னாளபட்டிச் சேலைகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் உன் அப்பா, கடைகளும் அடைத்துவிட்டதால், காதை மூடி வளர்ந்த முடியோடு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். அவரை மொட்டை மாடியில் ஸ்டூலில் உட்கார வைத்து, என் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு நீ வெட்டினாய். போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றாய். அப்பா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இம்புட்டு நாளா காசு குடுத்துல்ல என் மூஞ்சியக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அதற்கடுத்த நாள் மாடிப்படியில் வரிசையே நின்றது.

மாடிக் கதவைப் பூட்டியது நான்தான். தொற்று வந்துவிடும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. வரிசையில் நின்ற ஒருவர், நம் தெருவுக்கென்று ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்தார். ஆள் என்ற இடத்தில் அவர் சொன்ன சொல் வேறு; அதை இங்கே எழுத மாட்டேன். அந்தச் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதை மறைத்துக்கொள்ளும் வசதிகூட அவர்களுக்குக் கிடைத்ததில்லை. நமக்குக் கிடைத்தது. அந்த வசதிதான் உன் கையைத் தின்றது.

பள்ளிப் படிப்பு முடித்துப் பயிற்சியும் முடித்து, திண்டுக்கல்லிலேயே அந்தப் பெரிய சலூனில் நீ சேர்ந்த வருஷம், ஒரு சடங்கு வீட்டில் உன் அப்பாவின் அக்கா என்னிடம் கேட்டார், குமரன் எங்கே வேலை பார்க்கிறான் என்று. மதினி அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வேறு யாரோ ஒரு பையனைப் பற்றிப் பேசும்போது, நம்ம பிள்ளைகள் என்ன வேலை வேண்டுமானாலும் பார்க்கட்டும், அந்த ஒரு வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு கம்பெனில சூப்பர்வைசரா இருக்கான் மதினி" என்றேன். நீ பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தாய். திரும்பி வரும் வழியில், "ஏம்மா, நான் எத்தன பேர சூப்பர்வைஸ் பண்றேன்?" என்று கேட்டாய். "ஒரு நாளைக்குப் பத்துத் தல இருக்கும்ல" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்துச் சிரித்தே அந்தப் பொய் நம் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. மதினியின் மகள்தான் மீனா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அவசரத்துக்கு நம் ஆள் இருக்கிறாள் என்றுதான் நாம் எப்போதும் அங்கே போவோம்.

நீ வேலை செய்வதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். உனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது, சலூனின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் முடியைப் பிடித்து இழுத்து, அந்த விரலை ஒட்டியே கத்தரியை ஓட்டினாய். ஒவ்வொரு வெட்டும் உன் தோலுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நின்றது. பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. அழகாக இருந்தது குமரா. பயமாகவும் இருந்தது. சாயங்காலம் நீ வந்ததும், எங்கோ கேள்விப்பட்டவள் மாதிரி, விரலில் படாதா என்று கேட்டேன். இடது கையை விரித்துக் காட்டினாய். விரல்களின் உட்பக்கமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடுகள். "இது இருந்தாத்தாம்மா ஸ்டைலிஸ்ட்டு. விரல் சுத்தமா இருந்தா அவன் ட்ரெய்னி" என்றாய். உன் குரலில் பெருமை இருந்தது. நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

பயிற்சியில் கொடுத்த விரல் உறை ஒன்று உன்னிடம் இருந்தது. நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் கனமான ரப்பர் உறை. கத்தரி வழுக்கினால் தோலில் படாமல் அதில் படும். முதல் மாதம் அதைப் போட்டுக்கொண்டுதான் வெட்டினாய். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "விரல்ல என்ன தம்பி, புண்ணா? வேற ஆளு இல்லையா?" என்றாராம். அடுத்த வாரம் இன்னொருவர் அதையே கேட்டார். நம் பக்கத்தில் விரலில் எதையாவது சுற்றியிருந்தால் உள்ளே சீழ் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். மேனேஜர் கழற்றச் சொல்லிவிட்டார். அதைப் போட்டால் முடியின் இழுவை விரலுக்குத் தெரிய மாட்டேனென்கிறது என்று நீயும் சொன்னாய். வாடிக்கையாளர் முகம் சுளித்ததை நீ நடித்துக் காட்டியபோது நான் சிரித்தேன். அந்த உறையை வாங்கி என் தையல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க அது எனக்கு வசதியாக இருந்தது.

நீ வெட்டுப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் பெரிய முகூர்த்தம். சலூன் முழுக்க மாப்பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும். உன் நாற்காலியில் அகரத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவருடைய தாய்மாமா பின்னால் நின்று, இங்கே கொஞ்சம் குறை, அங்கே கொஞ்சம் விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்வதற்காக நீ கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாய். கண் போனது, கை நிற்கவில்லை. கத்தரி நடுவிரலின் உட்பக்கம், நடுக்கணுவுக்குக் கீழே ஆழமாக இறங்கியது. நீ சத்தம் போடவில்லை. கல்யாண மாப்பிள்ளை போர்த்தியிருந்த துணியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்திருந்தால் அந்தக் குடும்பம் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று உனக்குத் தெரியும். நாளைக்கு அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட உன்னைத்தான் சொல்லியிருப்பார்கள். கையை மூடிக்கொண்டு, சீப்பு மாற்றிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாய்.

உள்ளே மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்ணிடம் இமைமுடி ஒட்டுகிற பசை இருந்தது. காயத்தின் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து அதைத் தடவினாய். ஊதிக் காய வைத்தாய். மேலே கறுப்புக் கையுறை. சலூன்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு சொன்னாய். விரலெல்லாம் வெட்டிய முடி ஒட்டியிருந்தது. அதில் கொஞ்சத்தை உள்ளே வைத்துத்தான் மூடியிருக்கிறாய். திரும்பி வந்து மிச்சத்தை வெட்டி முடித்தாய். மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்குத் தலைக்குச் சாயம் பூசினாய். மறுநாளும் வேலைக்குப் போனாய்.

சலூனுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை காலையில்தான் எனக்குக் காட்டினாய். அதற்குள் பசையை நீயே உரித்துவிட்டிருந்தாய். காயம் வாய் பிளந்து ரத்தம் கசிந்தது. பார்க்கிறவர்களுக்குப் புதுக் காயம் மாதிரிதான் தெரியும். ஆட்டோவில் போகும்போது, "மீனா அக்கா இருப்பாங்கள்ல?" என்று கேட்டாய். "இருப்பா" என்றேன். என்ன சொல்வது என்பது அந்த இரண்டு வார்த்தையிலேயே நமக்குள் முடிவாகிவிட்டது. சமையலறையில் காலையில் பட்ட வெட்டு என்று கேட்டதும் மருத்துவர் கழுவி, தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். இரண்டு நாள் பழைய காயம் என்று தெரிந்திருந்தால் உடனே மூடியிருக்க மாட்டார் என்றும், முடி வெட்டுகிறவன் கை என்று தெரிந்திருந்தால் உள்ளே முடி இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருப்பார் என்றும் பிறகு மதுரையில் சொன்னார்கள். மருந்து வாங்க வெளியே வந்தபோது மீனா என்னிடம், "வெங்காயமா அத்தை?" என்று கேட்டாள். "ஆமாம்மா, சாம்பாருக்கு" என்றேன். கேட்காததற்கும் பதில் சொன்னேன்.

கோயம்புத்தூரில் உன்னிடம் மறுபடி கத்தரியைக் கொடுக்கும் நாள் வரலாம். இப்போது எந்த விரல்களுக்கு நடுவில் முடியைப் பிடிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் யாராவது பேசினால் முதலில் கையை நிறுத்து, பிறகு முகத்தைப் பார். சீப்பைக் கையில் எடுக்கும்போது கத்தரியை மூடி, கட்டைவிரலை வளையத்திலிருந்து எடுத்துவிட்டு, உள்ளங்கைக்குள் படுக்க வை. இதெல்லாம் பயிற்சியில் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், கூட்டம் சேர்ந்ததும் கையை விட்டுப் போனதுதான். எந்த விரலில் பிடித்தாலும் உறையைப் போடு. இழுவை தெரியவில்லை என்றால் தெரியும்வரை மெதுவாக வெட்டு. புண்ணா என்று கேட்கிறவரிடம், இது கத்தரிக்குப் போட்டது, என் விரலுக்காகப் போட்டது என்று சொல். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனால் போகட்டும். வெட்டுப்பட்டால் வேலையை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் காட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கச் சொல், பசையைத் தொடாதே, அன்றைக்கே மருத்துவரிடம் போ. உனக்குக் கீழே ஒரு பையனோ பெண்ணோ வேலை கற்க வந்து, கையை மூடிக்கொண்டு உள்ளே ஓடினால், நீயும் பின்னால் போ. கையைத் திறந்து காட்டச் சொல். எதில் வெட்டியது என்று கேட்கும் இடத்தில், எதில் வெட்டியதோ அதைச் சொல். இந்தக் கடைசி ஒன்றைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். இல்லைதான்.

உனக்குத் தெரியாத ஒன்றை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை விரல் தடித்து, கொக்கி மாதிரி வளைந்து, நிமிர்த்த முடியாமல் போனது. வலி முழங்கைவரை ஏறியது. காய்ச்சலில் அரைகுறையாகப் பேசினாய். வெள்ளிக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அப்பா பழனிப் பக்கம் சேலைக் கட்டோடு போயிருந்தார். மீனா லீவு சொல்லிவிட்டு நம்மோடு காரில் ஏறினாள். நீ என் மடியில் தலை வைத்து உறங்கிவிட்டாய். கொடைரோடு தாண்டியதும் அவள் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அத்தை, இது அருவாமனை இல்லதான?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு வருசத்துக்கு முந்தியே குமரன் முடி வெட்டுறத சலூன் கண்ணாடி வழியாப் பாத்துட்டாரு. எங்க அம்மாவுக்கும் தெரியும். நம்ம சின்னாளபட்டில பாதிப் பேருக்குத் தெரியும் அத்தை."

"பிறகு ஏன்மா அன்னைக்கு டாக்டர்ட்டச் சொல்லல?"

"நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுச்சு. நான் போட்டு ஒடச்சா ஒங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்ற அந்தக் கேள்வியை மதினி என்னிடம் திரும்பக் கேட்காமலே இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. தெரிந்த பிறகு கேட்டால் நான் கூனிக்குறுகிப் போவேன் என்று அவரும் விட்டிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த அறையில் நாம் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு உண்மை தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். தையல் ஊசியைக் கையில் வைத்திருந்தவர் அவர்.

இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மீனாவை வெறுப்பாயோ என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அன்று நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரிவாள்மனை என்றாய். யாரிடமிருந்து மறைப்பதற்காக உன்னை அப்படிச் சொல்ல வைத்தேனோ, அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மறைப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. இதை நீ என்மேல் கோபமாக வைத்துக்கொண்டு போனாலும் சரி, தெரியாமல் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மதுரையில் வேறொரு மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். நீ கண் திறக்காமல் கிடந்தாய். "முடி வெட்டுற கத்தரி சார். என் மகன் முடி வெட்டுறவன். ஞாயித்துக்கெழம மத்தியானம் பட்டுச்சு, பசை போட்டு ஒட்டிட்டான்" என்றேன். மீனா பக்கத்தில்தான் நின்றாள். யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவர் குறித்துக்கொண்டு, சர்க்கரை வியாதி உண்டா என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்று மத்தியானமே விரலைத் திறந்து சுத்தம் செய்தார்கள். சீழோடு வெட்டுப்பட்ட முடித் துணுக்குகள் வந்தன. திங்கட்கிழமை மறுபடியும் திறந்தார்கள். புதன்கிழமை உன் இடது கை நடுவிரலை அடிக்கணுவோடு எடுத்துவிட்டார்கள்.